நறுக்கிய நுனி

தொமொயெ சித்தி தேநீர் வைக்க உள்ளே போனதுதான் தாமதம், மினோரி அந்தச் சின்ன மரப்பெட்டியைத் திறந்தாள். பிள்ளை பிறந்தபோது எடுத்துப் பத்திரப்படுத்திய, காய்ந்து சுருண்டு கிடந்த தொப்புள்கொடியை விரலால் பிடித்து, நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பியில் போட்டுக்கொண்டாள். பக்கத்து மெத்தையில் உயிர் போன அம்மா, முகத்தில் வெள்ளைத் துணியோடு படுத்திருந்தாள்.

திருட்டுத்தனம்தான். சித்தியின் அவசரம் மட்டும் யோக்கியமா? "பெட்டிய அக்கா கூடவே வெச்சு அனுப்பிடணும், தாயோட போறதுதான் முறை" என்று காலையிலிருந்து நச்சரிக்கிறாள். முறைதான், யார் இல்லை என்றது? ஆனால் மூடியில் தாயின் பெயர் ஃபுசா என்று இருக்கிறது, பிள்ளையின் பெயருக்கான இடம் காலி. கேட்டால் மை அழிந்துவிட்டதாம். பிள்ளையின் பெயரை மட்டும் தேடிப் பார்த்து அழியுமா மை?

அம்மாவின் சாயல் பொட்டுகூடத் தன்னிடம் இல்லை என்பது மினோரிக்குச் சிறுவயதிலிருந்தே உறுத்தல். பிழைப்போ டி.என்.ஏ. ஆராய்ச்சிக்கூடத்தில். கொடி பிள்ளையின் உடம்பைச் சேர்ந்தது. அதன் ஒவ்வொரு செல்லிலும் முறுக்கிய இரட்டை இழையில் நான்கே எழுத்துகளில் பாடம் இருக்கும்; அதைப் படித்துத்தான் செல் சதையும் ரத்தமும் செய்கிறது. கொடியைக் கரைத்துக் குளிர்ந்த எரிசாராயம் ஊற்றினால் அந்த இழை வெள்ளை நூலாகத் திரளும். எழுத்துகள் தன்னுடையதோடு ஒத்துப்போனால் அவள் ஃபுசா பெற்ற மகள். தீக்குப் போய்விட்டால் ஓர் எழுத்தும் மிஞ்சாது. சித்திக்கு வேண்டியதும் அதுதானோ?

மறுநாள் சவப்பெட்டியை மூடுமுன் சித்தி மரப்பெட்டியைத் திறந்து ஒருதரம் பார்த்தாள். பிறகு மினோரியைப் பார்த்தாள். அதை அம்மாவின் கையடியில் பூக்களுக்குள் வைத்தாள்.

தகனக்கூடத்தில் உடல் உள்ளே போன பிறகு, காத்திருக்கும் அறையில் சித்தி குரலைத் தாழ்த்தினாள்.

"கொடிய வெட்டினது நீதானே?"

மினோரி கைப்பையை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

"சோதிச்சுப் பாக்கப் போறியாக்கும்? வேண்டாண்டி. ஒத்துப்போகாது."

"அப்போ அது யாரோடது?"

"அக்காவோட முதல் பிள்ளையோடது. பேர் வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. பால் கட்டிக்கிட்டுச் சுருண்டு கெடந்தா. அப்பதான் மருத்துவச்சி, யாரோ பெத்துட்டு விட்டுப் போன உன்னைக் கொண்டாந்து மடியில போட்டா. இவளே பெத்ததா பிறப்புச் சீட்டும் எழுதிக் குடுத்துட்டா. அக்கா உன்னை வாங்கினவ அப்புறம் கீழயே விடல."

"இத்தனை வருஷம் எப்படி சித்தி வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"சத்தியம் வாங்கிட்டாளே! நான் என்ன பண்ணட்டும்?"

மினோரிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து முட்டின. பையிலிருந்த குப்பியை எடுத்தாள். குப்பைத்தொட்டியில் எறியப் போனவளுக்கு அப்போதுதான் உறைத்தது: நறுக்கும்போது கையுறை போடவில்லை. புது மாணவர்களை இதற்காகத்தான் தினமும் வறுத்தெடுப்பாள். வெறுங்கை பட்டால் தொட்டவரின் இழையும் சேர்ந்துவிடும். சோதித்திருந்தால் தன்னையே அதில் கண்டு, பெற்ற மகள்தான் என்று ஏமாந்துபோயிருப்பாள். அந்தத் துண்டில் பெயரில்லாத அந்தப் பிள்ளையோடு அவளும் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எரிந்து முடிந்ததாக அழைப்பு வந்தது. சாம்பலில் மிஞ்சிய எலும்புகளை, கால் எலும்பில் தொடங்கி, இருவர் இருவராகக் குச்சிகளால் எடுத்து அஸ்திக் குடத்தில் இட்டார்கள். கடைசியாகக் கழுத்தெலும்பு. அதை எடுப்பது நெருங்கிய ரத்த உறவின் உரிமை. சித்தி குச்சிகளை மினோரியிடம் நீட்டினாள்.

"நீங்கதானே சித்தி கூடப் பிறந்தவங்க..."

"பேசாம எடுடி."

எடுத்து வைத்தாள். தகனக்கூட ஊழியர் குடத்தை மூட மூடியைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் இருங்க."

மினோரி குப்பியைத் திறந்து, துண்டை வெறும் விரலால் எடுத்து, கழுத்தெலும்பின் பக்கத்தில் வைத்தாள். ஊழியர் சித்தியைப் பார்த்தார். சித்தி தலையசைத்தாள். அவர் குடத்தை மூடினார்.