பின் இருக்கையில் பிரேக் இல்லை

இன்று சாலையில் இருந்தவர்கள்:

வக்கீல். இரட்டைச் சைக்கிளின் பின் இருக்கையில். கண் தெரியாது.

அவளுடைய அண்ணி. முன் இருக்கையில். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

அண்ணன். முன்னவளுக்குக் கணவர், பின்னவளுக்குக் கூடப்பிறந்தவர். பின்னால் காரில், எச்சரிக்கை விளக்கு மின்ன மின்ன.

இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள் ஒன்று. அதை ஆளாக எண்ணலாமா என்று யோசித்தேன். எண்ணலாம். இன்று யார் மேலும் கோபப்படாத ஒரே உருப்படி அதுதான்.

நான் இல்லை.

1

இல்லாதவனுக்குக் கதை எப்படிக் கிடைத்தது என்றால், அண்ணன் போனில் சொன்னார். நாங்கள் இருவரும் ஒரே குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்தவர்கள். நான் பாதியில் விட்டுவிட்டு வந்தேன், அவர் விடவில்லை. அங்கிருந்து இன்னும் என்னைக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர். அவர் சொன்ன விதத்தில் யார் மேலும் தப்பில்லை, குறிப்பாக அவர் மேல் இல்லவே இல்லை. சொல்கிறவர் மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருந்தால், கதை வேறு எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விடிந்தால் பந்தயம். முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். கண் தெரியாதவர் கலந்துகொண்டால் கூட ஒரு வழித்துணை வேண்டும். பெண்ணுக்குப் பெண்தான். தண்ணீரிலும் ஓட்டத்திலும் ஒரு கயிறு இருவரையும் இணைக்கும், சாலையில் இந்தச் சைக்கிள். வக்கீலுக்கு இது முதல் பந்தயம். துணை, ஒரு வருஷமாக அவளோடு நீந்தி, ஓடி, மிதித்த அண்ணி.

பந்தயத்துக்கு முன்னால் சைக்கிள் வழியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது எல்லாரும் செய்வது. அதற்குத்தான் மூவரும் கிளம்பினார்கள். நாளை முடிவு தெரிந்தபின் இதை எழுதினால் அது வெறும் செய்தி. அதற்குள் முடித்தாக வேண்டும்.

2

தொடக்கங்கள்:

"காலை வெயில் தார்ச்சாலையில் தகதகவென்று—" (வேண்டாம். இந்தக் கதை வக்கீலின் தோளை ஒட்டிப் போகிறது. அவளுக்கு வெயில் பிடரியில்தான் உண்டு, தாரில் இல்லை.)

"இருள் சூழ்ந்த அவளுடைய உலகில்—" (இதை எழுதிய கையை ஒடிக்க வேண்டும். இருளைப் பற்றிப் பேச வக்கீலுக்கு நேரமில்லை. வாய்தா வாங்கவே நேரம் போதவில்லை.)

"மிதி," என்றாள் அண்ணி.

இது போதும்.

மிதித்தார்கள். இந்த மாதிரிச் சைக்கிளில் இரண்டு சோடி மிதிகளும் சேர்ந்துதான் சுற்றும். முன்னவள் காலை நிறுத்தினால் பின்னவளுக்கும் நின்றுவிடும். கைப்பிடியைத் திருப்புவது, கியர் மாற்றுவது, பிரேக் எல்லாம் முன்னால். பின்னால் இருப்பது இருக்கையும் மிதியும் நம்பிக்கையும்.

"இடது வளைவு, சின்னது. குழி வருது. குழி போச்சு."

"குழி போன பிறகு சொல்றீங்க அண்ணி."

"உன் முதுகெலும்பு முந்திக்கிட்டா நான் என்ன பண்ண?"

வக்கீல் இவளைத் துணையாகப் பிடித்ததற்கு ஒரே காரணம்தான். மற்ற எல்லாரும் அவளுடைய நன்மைக்காகப் பொய் சொல்வார்கள். வாதம் பிரமாதமாக இருந்தது என்பார்கள், சட்டை அருமையாக இருக்கிறது என்பார்கள். அண்ணி ஒருத்திதான், "இந்தச் சட்டைல நீ ஜன்னல் திரை மாதிரி இருக்க, மாத்திட்டு வா," என்றவள்.

மேடு வந்தது. அண்ணி சொல்வதற்கு முன் தொடை சொன்னது. பந்தயம் நடத்துபவர்கள் அனுப்பிய குறிப்பைப் போன் அவளுக்கு முன்பே வாசித்துக் காட்டியிருந்தது. இந்த மேட்டுக்கு அப்பால் நீண்ட இறக்கம், அடியில் பாலத்துக்கு முன் கூர்மையான வளைவு. இந்த வழியிலேயே சிரமமான இடம் அதுதான். நாளை இரண்டு சுற்று என்பதால் அதை இரண்டு முறை இறங்க வேண்டும்.

உச்சியில் மிதி நின்றது. சைக்கிளும் நின்றது.

"ரோடு வேலை," என்றாள் அண்ணி. "மூடிட்டாங்க. திரும்பிடலாம்."

சாலை மூடியிருந்தது.

"நாளைக்குப் பந்தயத்தை வச்சுக்கிட்டா?"

"நாளைக்குத் திறப்பாங்களாம். இறங்கு, வண்டியைத் திருப்பணும்."

3

இந்த இடத்தில் அண்ணன் மீது எனக்குச் சந்தேகம். கார் பத்தடி பின்னால் நிற்கிறது. அவர் இறங்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. போனில் இந்த இடம் வந்ததும், "அப்புறம் ஏதோ பேச்சு வந்துச்சுப்பா," என்று தாண்டிப் போனார். ஆளையே கதையிலிருந்து தூக்கிவிடலாம் என்று பார்த்தேன். தூக்கினால் கார் தானாக ஓட வேண்டும், தண்ணீர் பாட்டில் தானாக வர வேண்டும்.* ஆகவே இருக்கட்டும். ஆனால் கூப்பிடும்வரை வாய் திறக்காத ஆளாக இருக்கட்டும்.

* தண்ணீர் பாட்டிலை அவர் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். இதைப் போனில் அவர் சொல்லவில்லை, நான் சேர்த்தது. அவர் மேல் ஒரு தப்பாவது இருந்தால்தான் எனக்கு அவரை நம்ப முடிகிறது.

வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது எதிரே, இறக்கத்தின் கீழேயிருந்து மூச்சிரைக்கச் சில சைக்கிள்காரர்கள் ஏறி வந்தார்கள். நாளைய பந்தயக்காரர்கள். ஒருவன் வேகத்தைக் குறைத்தான்.

"அக்கா, நீங்களும் நாளைக்கா? பாலம் வரைக்கும் புதுத் தார். வெண்ணெய் மாதிரி இருக்கு. வளைவுல மட்டும் பாத்து."

போய்விட்டார்கள். கார் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

4

"அண்ணி."

"ம்."

"இவங்க எந்த வழியா வந்தாங்க?"

"கீழருந்து."

"மூடின ரோட்டுலருந்தா?"

அண்ணி பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடும் சத்தம் கேட்டது.

"எதைப் போட்டு மூடியிருக்காங்க? கயிறா, கல்லா, பலகையா?"

"பலகை."

"பலகைல என்ன எழுதியிருக்கு?"

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குச் சாலைப் பலகை அத்தனையும் மனப்பாடம். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அண்ணா, இறங்கி வா."

கார்க் கதவு திறந்தது. "நான் எதுக்கு பாப்பா? அவதானே முன்னாடி—"

"ரோடு மூடியிருக்கா?"

"மூடியிருக்குன்னும் சொல்ல முடியாது."

"அப்ப திறந்திருக்கா?"

"திறந்திருக்குன்னு நான் சொன்னா உங்க அண்ணி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"பிறழ்சாட்சி," என்றாள் வக்கீல். "நீ போய் கார்ல உக்காரு."

அவர் போகவில்லை. அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஆமா, பொய்தான். இப்ப என்ன?"

"பஸ் நிறையப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு தினம் இறக்கம் இறங்குறவங்கதானே நீங்க?"

"பஸ்ஸுக்கு நாலு பக்கமும் தகரம் இருக்கு. இதுல நீ என் முதுகுக்குப் பின்னாடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வர்ற. வளைவு எங்கன்னு உனக்குத் தெரியல. எனக்குத் தெரியுது. தெரியறதுதான் பிரச்சினை."

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வேற ஆளைத் தேடியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"முன்னாடியே சொல்லியிருந்தா தேடியிருக்கலாம். இன்னிக்கு யாரைத் தேடுவேன்? அதுவும் தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க."

"நான் வேணா ஓட்டவா?" என்றார் அண்ணன். "ஒரு விக் வச்சுக்கறேன்."

"நீச்சல்ல கழண்டுடும்," என்றாள் அவர் மனைவி. சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

வக்கீலுக்கு இறக்கம்கூட அப்போது பெரிதாகப் படவில்லை. ஒரு பொய் அகப்பட்டால் அதற்கு முன் வந்த உண்மைகளையெல்லாம் மறுபடி கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது. மேடு முடிஞ்சுது என்றது, நேற்றைவிட இன்று நன்றாக நீந்தினாய் என்றது, எல்லாவற்றையும்.

"அந்த ஜன்னல் திரைச் சட்டை?" என்று கேட்டாள்.

"அது சத்தியமான உண்மை. வேணும்னா இவரைக் கேளு."

"இவனையா?"

5

இரண்டாம் பகுதியில் "சாலை மூடியிருந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. திரும்பிப் போய்ப் பாருங்கள். அது அண்ணி சொன்னதில்லை, அவளுடைய மேற்கோள்குறி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த வரி என்னுடையது. நீங்களும் நம்பிக்கொண்டு மிதித்தீர்கள்.

வக்கீலுக்குத் தெரிந்ததை மட்டுமே எழுதுகிறேன், அவளுக்கு அப்போது அப்படித்தான் என்று சமாளிக்கலாம். அது பாதி. மீதி, எனக்கு அந்த இறக்கத்தை எழுத வராது. நான் சமதளத்துக்காரன். சைக்கிளில் வேகம் என்றால் கிடங்குக்குத் தாமதமான நாட்களில் கண்டதுதான். சாலையை மூடிவிட்டால் வேலை மிச்சம்.

முயன்று பார்த்ததையும் வைக்கிறேன்:

"மிதிகள் நின்றன. காற்று முதலில் காதுக்குள்—"

"சக்கரத்தின் சத்தம் மெல்ல மேலேறி, ஒரு கட்டத்தில் சத்தமாகவே இல்லாமல்—"

"வளைவில் அண்ணியின் முதுகு இடப்பக்கம் சாய, அவளும்—"

மூன்றும் பாலத்துக்கு முன்பே நின்றுவிட்டன. முன் இருக்கையில் பயந்தாங்கொள்ளி இருந்தால் வாக்கியமும் பிரேக் பிடிக்கும்.

6

வேறு வழிகளையும் பார்த்தேன்.

ஒன்று. அண்ணி, "எனக்குப் பயமா இருக்கு, இப்பவும் பயமா இருக்கு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மெதுவாக இறங்குகிறாள். வக்கீல் அவள் முதுகில் கை வைக்கிறாள். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனால் கிழித்துப் போட்டேன்.

இரண்டு. வளைவில் விழுகிறார்கள். விழுந்தால் கதைக்கு லாபம். ஆனால் நாளைக் காலை நிஜத்தில் அங்கே போக இருப்பவர்களை இன்றைக்குக் காகிதத்தில் தள்ளிவிட எனக்குக் கை வரவில்லை. மூடநம்பிக்கை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று. (மூன்றாவது இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.)

"இன்னிக்கு உங்க பின்னாடி உக்கார மாட்டேன்," என்றாள் வக்கீல். "ஆனா அந்த இறக்கத்தைப் பாக்காம போகவும் மாட்டேன். நடக்கலாம்."

"இந்தச் செருப்போடயா?"

சைக்கிள் மிதியில் மாட்டிக்கொள்ளும் காலணி. அடியில் கட்டை இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நடப்பது ஆணி மேல் நடப்பதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். இருந்தும் நடந்தார்கள். அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், வக்கீல் பின் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் கார் ஊர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அண்ணன் இறங்கிப் போய் அவனிடம் என்னவோ சொன்னார். அதற்குள் நான் போகவில்லை.

நடப்பது எனக்கு எழுத வரும். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்கத் தொடங்கும், கட்டைவிரல் காலணியின் முனையில் முட்டும். சைக்கிள் முன்னால் ஓடப் பார்க்கும், இருவரும் அதைப் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும்.

"இங்கருந்துதான் வளைவு தெரியும்," என்றாள் அண்ணி. குரலில் வழித்துணையின் அதிகாரம் இல்லை. "இங்க வந்ததும் எனக்குத் திரும்பிப் போயிடலாம்னு தோணும்."

"இதுக்கு முன்னாடி எப்ப வந்தீங்க?"

"போன வாரம். தனியா, கார்ல. அதுக்கு முந்தின வாரமும்."

"ஓ."

"கார்லயே பிரேக்குலருந்து காலை எடுக்கல."

வக்கீல் நின்றாள். தள்ளிக்கொண்டு போனவளுக்கும் நிற்க வேண்டி வந்தது.

"பிரேக்கை எங்க பிடிக்க ஆரம்பிப்பீங்க?"

"நானா? உச்சியிலருந்தே."

"நியாயமா எங்க பிடிக்கணும்?"

"இங்க."

வக்கீல் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். புதுத் தார், மணல் இல்லை. பிறகு நடந்தார்கள். வளைவில் சாலை வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்ததைக் கணுக்கால் காட்டிக்கொடுத்தது. அண்ணி சொல்வாளா என்று காத்திருந்தாள்.

"இங்க ரோடு தப்பா சாஞ்சிருக்கு," என்றாள் அண்ணி. "நம்மள வெளிய தள்ளும்."

"சரி."

அந்தச் "சரி"க்கு என்ன பொருள் என்று அண்ணனைக் கேட்டேன். "எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் லாரிக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டிருந்தேன்," என்றார். அவர் சொன்னதில் இது ஒன்றை முழுசாக நம்புகிறேன்.

7

இன்று மாலையே சைக்கிளைப் பந்தயக் கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். கார் கூரையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். உள்ளே கம்பிச் சட்டங்களில் ஆளுக்கொரு இடம். வாசலில் காவலாளி, கையில் சாவிக்கொத்து.

"நேரமாச்சு, அடைக்கப்போறேன். உள்ள நிறுத்திட்டா அப்புறம் காலைலதான் எடுக்க முடியும். வெளிய போற வாசல் அந்தப் பக்கம். பந்தயம் வேணாம்னு தோணுச்சுன்னா, நிறுத்தாம அப்படியே அது வழியா சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிடுங்க. ஓட்டுறவங்க மட்டும் வாங்க."

"நான் அவங்க அண்ணன்," என்றார் அண்ணன்.

"அதாங்க சொல்றேன். வீட்டாளுங்க வெளிய."

வக்கீல் பின் இருக்கையில் கை வைத்திருந்தாள்.

"அண்ணி, உள்ள போனதும் ஒண்ணு கேப்பேன். நாளைக்கு என்னைப் பின்னாடி உக்காரவச்சு அந்த இறக்கத்துல இறங்க உங்களால முடியுமா, முடியாதா. முடியாதுன்னா அந்தப் பக்கமா வீட்டுக்குப் போயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லல. கோவிச்சுக்குவேன்."

"இங்கயே சொல்றேனே."

"வேணாம். இங்க சொன்னா அண்ணன் முகத்தைப் பாத்துட்டு சொல்வீங்க."

எழுதுகிறவன் எந்தக் கூடத்துக்குள்ளும் நுழையலாம், காவலாளி தடுக்க மாட்டார். நுழைந்தேன். அண்ணியின் வாயில் "முடியும்" என்று எழுதினேன், அடித்தேன். "முடியாது" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். எதை எழுதினாலும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரியே இருந்தது. ஆகவே வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டேன். நீங்களும் இப்படி வந்து நில்லுங்கள்.

"மிதியில கால் தட்டும், பாத்து," என்றாள் அண்ணி. சைக்கிளின் முன் சக்கரம் வாசற்படியைத் தாண்டியது, பிறகு பின் சக்கரம், பிறகு வக்கீல். காவலாளி இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.