ஞாயிற்றுக்கிழமை ஓடிய லோஞ்ச்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மூதூருக்குப் போகிற மோட்டார்ப் படகில், அந்த லோஞ்சில், பக்கத்தில் இருந்தவர் பாதி சொன்னார். இறங்குதுறை வந்ததும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பாதிக் கதை கேட்டவனுக்கு நித்திரை வருமா? மீதியை நானே எழுதத் தொடங்கினேன். இப்போது பேனாவைத் தொடவே பயமாக இருக்கிறது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதல் தொடக்கம்: கொட்டியாரக்குடாவில் அன்று அலைகள்

(வேண்டாம். கடலை வர்ணித்து ஆளை மறைக்கிற வேலை.)

இரண்டாவது: பேணாட் ஞாயிற்றுக்கிழமைகளில் லோஞ்ச் ஓட்டமாட்டான்.

இது இருக்கட்டும்.

2

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் லோஞ்ச் ஓட்டுகிறவன் பேணாட். வீடு மூதூர்த் துறைக்குப் பக்கத்தில். வருஷம் அறுபத்திரண்டு, மார்கழி. அவனுடைய சின்னச் சபையில் ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள்தான். ஞாயிற்றுக்கிழமை அடுப்பும் மூட்டுவதில்லை. சனி பின்னேரமே சோறு கறி எல்லாம் ஆக்கி மூடிவிடுவார்கள். புதிதாக வந்த போதகர், "நாங்கள் இப்ப கிருபைக்குள்ள இருக்கிறம். கட்டளை எங்களை அடிக்க வைச்சிருக்கிற பொல்லு இல்லை" என்று பிரசங்கித்தபோது பேணாட் தலையாட்டினான். தலைதான் ஆடியது. வயிற்றுக்குள் இருந்த பயம் அசையவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, மழைக்குள் அலியார் வாசலில் வந்து நின்றான். அவன் மனைவி சுபைதாவுக்குப் பிள்ளைப்பேறு இறுகிவிட்டது. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள்.

"பேணாட் அண்ணே, உங்கட நாள் எண்டு தெரியும். ஆனா நாளைக்கு வரைக்கும் அவ தாங்கமாட்டா."

பேணாட் ஓட்டினான். திருகோணமலை ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் தப்பினார்கள். திரும்பி வந்தவன் பல்லுக் கிட்டி நடுங்க, மனைவி இன்பமலர் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தாள். மகள் மாகிரட்டும் அதில் ஒரு வாய் குடித்தாள்.

(இங்கே நிறுத்தியிருந்தால் பாடப்புத்தகத்தில் சேர்த்திருப்பார்கள்.)

3

செவ்வாய்க்கிழமை மாகிரட்டுக்குக் காய்ச்சல். புதன்கிழமை வலிப்பு. அதே லோஞ்ச், அதே ஆஸ்பத்திரி. "இன்னும் ஒண்டும் சொல்ல ஏலாது" என்று டொக்டர் உள்ளே போய்விட்டார். விறாந்தை வாங்குப் பலகையில் புருஷனும் மனைவியும்.

"அங்க ரெண்டு உயிர் தப்பிச்சுது. இஞ்ச ஒண்டைக் கேக்கிறார்."

"ஆர் கேக்கிறது?"

"ஆண்டவர்தான். அந்தத் தேத்தண்ணி... நீ ஏன் இன்பமலர் அடுப்பை மூட்டினனி?"

"ஆண்டவர் என்ன, கங்காணியே? ஆரின்ர கூரையில புகை வருது எண்டு பாத்துக்கொண்டு திரிய?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான்.

மன்னிப்புக் கேட்டால் பிள்ளை பிழைக்கும் என்று பேணாட்டுக்குத் தோன்றியது. முழங்காலில் நின்றான். வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால் செய்தது பாவம் என்று சொல்லவேண்டும். பாவம் என்றால், சுபைதா செத்திருந்தால் சரி என்றாகிவிடும். கேட்காவிட்டால் மாகிரட்? திரும்பவும் வாங்கில் ஏறி இருந்தான்.

4

என் பயம் இதுதான். மாகிரட்டைச் சாகவிட்டால், பேணாட்டின் பயம் சரி என்று நானே கையெழுத்து வைத்தவனாவேன். பிழைக்கவைத்தால், நல்லது செய்தான், கூலி கிடைத்தது என்பீர்கள். கூலியாக வருவதற்குப் பெயர் கிருபையா?

முடிவு ஒன்று: டொக்டர் சிரித்துக்கொண்டே வெளியே

முடிவு இரண்டு: டொக்டர் கண்ணாடியைக் கழற்றி

இரண்டிலும் பேணாட் நிமிர்ந்து என்னைத்தான் பார்க்கிறான். தன் ஆண்டவரைப் பார்க்கிற அதே பார்வை. அப்படிப் பார்க்காதே, தம்பி.

5

ஆகவே டொக்டரை உள்ளேயே விட்டுவிட்டேன். பிள்ளைப்பேற்று வாட்டிலிருந்து அலியாரை வரவழைக்கிறேன், துணியில் சுற்றிய குழந்தையோடு. மாகிரட்டின் காய்ச்சல் அவனுக்குத் தெரியாது.

"அண்ணே, இஞ்சயா இருக்கிறீங்க? இண்டைக்கு எங்களுக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. ஊருக்குப் போக முந்திப் பேணாட் அண்ணன் ஒருக்காத் தூக்கட்டும் எண்டு சுபைதா சொன்னவ."

"வேண்டாம் அலியார். என்ர கை..."

தன் கையில் சாபம் இருக்கிறது என்று சொல்ல வந்தான். அலியார் அதற்குள் குழந்தையை அவன் கையில் வைத்துவிட்டான். குழந்தை கொட்டாவி விட்டது.

உள்ளே மாகிரட் முனகினாள். இன்பமலர் எழுந்து ஓடினாள். பேணாட்டால் ஓட முடியவில்லை. நின்ற இடத்திலேயே அவன் வாய் திறந்தது.

"ஆண்டவரே, அண்டைக்கு நான் செய்தது"

மீதியை நீங்கள் சொல்லுங்கள். மாகிரட் பிழைப்பாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். குழந்தை அவன் கையில் இருக்கும்போதே முடியுங்கள்.