சுவரைத் தட்டும் கை

"றுஸ்தி சேர் வரல்லையா? நீங்க அவர்ட மிஸிஸா?"

வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை, கழுத்தில் மாட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஸுஹைனா என்ன பதில் சொல்வாள், பாவம். 'எம். றுஸ்தி, எழுத்தாளர், ஏறாவூர்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள். வருடக்கணக்காக அந்தப் பெயரில் கதை எழுதிக்கொண்டிருப்பவள் இவள்தான். ஆண் பிள்ளை பிறந்தால் வைக்கலாம் என்று அவளும் கணவன் முஹம்மடும் எடுத்து வைத்திருந்த பெயர். பிறந்தது மகள் றமீஸா. பெயர் வீணாகவில்லை, அவ்வளவுதான். "எழுதுறத எழுது, பேர மட்டும் போடாத" என்று கட்டாருக்குப் பிளேன் ஏறும்போது முஹம்மட் அன்பாகத்தான் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வாசகர்கள் அவளை 'அன்புள்ள ஐயா' என்று விளித்து எழுதுகிறார்கள். ஒருவர் ஐயாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட விசாரித்திருந்தார்.

"அந்த றுஸ்தி நான்தான் புள்ள" என்றாள் மெல்ல.

அந்தப் பிள்ளை வாயைப் பிளந்தாள். பிறகு எழுந்து உள்ளே ஓடினாள். தேநீர் வேளைக்குள் மண்டபம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஹோட்டல் மண்டபம். 'இதுவரை நூலாகாத குரல்கள்' என்று பெரிய பதாகை. கொழும்பிலிருந்து பதிப்பாளர்கள் வந்து, கிழக்கில் ஒதுங்கிக் கிடக்கும் எழுத்தாளர்களைத் தூக்கிவிடுகிற இரண்டு நாள் மாநாடு. ஆளுக்கொரு மேசையில் இருத்திப் பேசினார்கள். கிரானில் இருந்து வந்த டிலக்சன், வேளாண்மை வயலுக்குள் யானை புகுந்த கதையை வயிறு குலுங்கச் சிரிக்கும்படி எழுதியிருந்தான். அவனிடம் யுத்தம் எங்கே என்று கேட்டார்களாம். யானை காதில் விழவில்லை போலும் என்று அவன் முணுமுணுத்துக்கொண்டு போனான். தன்னிடமும் இல்லாத ஒன்றைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று ஸுஹைனா நினைத்திருந்தாள். கேட்டது இருந்ததைத்தான். அதுதான் வினை.

வதனி என்ற பதிப்பாளர் அவளுடைய கதைக்கட்டை மடியில் வைத்திருந்தாள். கண்ணாடி போட்ட, களைத்த முகம். உண்மையாகவே வாசித்திருக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"அக்கா, இந்தச் சுவர் தட்டுற கதை இருக்கே, அதைத்தான் புத்தகத்தில முதலாவதாப் போடப்போறன். நாளைக்கு மேடையில உங்கட பேரை வாசிப்பம். உங்கட சொந்தப் பேரை. அட்டையில படமும் வரும்."

ஸுஹைனா கழுத்தில் கிடந்த அட்டையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

ஏறாவூரில் பெண் பிள்ளை பிறந்தால் வீடு கட்டத் தொடங்க வேண்டும். கல்யாணத்தோடு வீடு மகளுக்குப் போய்விடும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். பெற்றவர்கள் வீட்டு வளவின் பின்பக்கம் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அதனால் மாப்பிள்ளையின் உம்மா பெண்ணைப் பார்க்கும் முன் வீட்டைத்தான் பார்ப்பார். கைறுன்னிஸா மாமி பார்க்கிற விதமே தனி. விரல் முட்டியை மடக்கி, காதைச் சாய்த்து, ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு போவார். உறுதியான கல்லா, உள்ளே பொக்கா என்று சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாராம். நான்கு ஆண் மக்களைப் பெற்றவர். ஊரில் பாதிச் சுவர் அவர் விரலைக் கண்டிருக்கிறது.

கதையில் ஸுஹைனா ஊரை மாற்றினாள், பெயரை மாற்றினாள், மாப்பிள்ளையின் தொழிலை மாற்றினாள். தட்டுவதை மட்டும் மாற்றவில்லை. எழுத்தின் ருசியில் மதி மயங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கதை ஒரு சிற்றிதழில் வந்து போன் போனாகப் பரவியபோது ஊரே ஆளை அடையாளம் கண்டு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சமயத்தில்தான் கைறுன்னிஸா மாமியின் கடைசி மகன் றிப்ஷானுக்கு றமீஸாவைப் பேசி வந்தார்கள். ஸுஹைனாவின் முன்வீட்டில், ஸுஹைனா ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே மாமி சொன்னார்: "ஆருகா இந்த றுஸ்தி எண்டவன்? அவன்ட வளவுப் பக்கம் என்ட குடும்பத்தில ஒரு காலும் மிதிக்காது. அல்லாஹ் மேல ஆணை." ஸுஹைனா சீனி போதுமா என்று கேட்டாள். றமீஸாவோ றிப்ஷானின் பெயரைக் கேட்டாலே முகம் மலர்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

"அந்தத் தட்டுறத எடுத்துட்டுப் போடேலாதா?" என்றாள் ஸுஹைனா வதனியிடம், மகளின் சம்பந்தக் கதையைச் சொல்லிவிட்டு.

"எடுத்தா என்ன மிஞ்சும் அக்கா? நீங்களே சொல்லுங்க."

ஒன்றும் மிஞ்சாது. அது ஸுஹைனாவுக்கு வதனியைவிட நன்றாகத் தெரியும்.

"றுஸ்தி எண்டே போடுங்களன்."

"பேரும் முகமும் வெளியில வராத ஆக்களுக்குத்தானே அக்கா இந்தத் திட்டம். இல்லாத ஒரு ஆம்பிளைட பேரைப் போட்டு நான் என்னெண்டு கணக்குக் காட்டுறது?" வதனி தயங்கினாள். "பயமெண்டா கலியாணம் முடியட்டும். ஆனா இந்த வருசத்தோட திட்டம் முடியுது."

"கலியாணத்துக்குப் பிறகுதான் மெய்யான பயம். இப்ப எண்டா சம்பந்தம் குழம்பும், அவ்வளவுதான். பிறகெண்டா, மாப்பிள என்ட மகள உட்டுட்டு உம்மாட ஊட்டுக்குப் போயிருவாரு."

வதனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பொழுதுபடுறதுக்கு முதல் ஒரு மெசேஜ் போடுங்க. ஓம் எண்டாலும், இல்ல எண்டாலும்."

வீடு திரும்பும் பஸ்ஸில் ஸுஹைனா யன்னலோரம் இருந்தாள். காற்று முகத்தில் அடித்தது. ஒருத்தி முழுக்கதையையும் வாசித்துவிட்டு, இன்ன இடம்தான் கதை என்று சொல்லிவிட்டாள். அந்தச் சந்தோசத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் இல்லை. அழுகை வந்தது. பக்கத்துச் சீட்டுப் பெண் பார்ப்பதைக் கண்டு தூசி விழுந்ததுபோலக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன.

"மாமி வந்திரிக்காங்க உம்மா" என்று றமீஸா ஓடி வந்து குசுகுசுத்தாள். "பின் அறை முடிஞ்சுதா எண்டு பாக்கணுமாம்."

பார்க்கத்தானே வேண்டும். முன்வீடு மெய்யாகவே காலியாகுமா என்று பின்னறையைப் பார்த்தால்தான் தெரியும்.

"வாங்க மச்சி, எங்க பயணம்?" என்றார் கைறுன்னிஸா மாமி, முகம் நிறைந்த சிரிப்போடு. கெட்ட மனுசி அல்ல. வரும்போதெல்லாம் றமீஸாவுக்கு ஏதாவது வாங்காமல் வரமாட்டார்.

"டவுனுக்கு மச்சி. தண்ணி குடிச்சிட்டு இரிங்க, பின் அறையக் கொஞ்சம் ஒதுக்கிட்டு வாறன்."

பின்னறையில் பூச்சு இன்னும் காயவில்லை. ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடும், எழுதுகிற மேசைக்கு இடமில்லை. கதவைச் சாத்திவிட்டு ஸுஹைனா போனை எடுத்தாள். இல்லை என்று எழுதத்தான் வந்தாள். மகளை நினைத்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் வந்தாள். விரல் எழுதியது வேறு: 'ஸுஹைனா எண்டே போடுங்க. படமும்.' அழிப்பதற்கு முன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அனுப்பினாள்.

போகவில்லை. மேலே கொங்கிறீட், நாலு பக்கமும் தடித்த கல்; சிக்னல் இல்லை. எழுத்துக்குப் பக்கத்தில் சிறு கடிகாரம் ஒன்று அப்படியே நின்றது. இன்னும் அழித்துவிடலாம்.

வெளியே காலடிச் சத்தம். பிறகு, டொக், டொக்.

"நல்ல சுவர் புள்ள" என்று கைறுன்னிஸா மாமி சொல்வது மங்கலாகக் கேட்டது. "உள்ளுக்க ஆள் கத்தினாலும் முன்னால ஊட்டுல இரிக்கிற உங்களுக்குக் கேக்காது." றமீஸா சிரித்தாள்.

டொக். கொஞ்சம் தள்ளி, டொக். தட்டல் சுவரோடு சுவராக யன்னல் பக்கம் வந்துகொண்டிருந்தது.

ஸுஹைனா கட்டிலுக்கென்று விட்ட இடத்தைத் தாண்டி யன்னலடிக்குப் போனாள். கம்பிகளுக்கு நடுவே கையை முழங்கை வரை வெளியே நீட்டி, போனை அந்தி வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். டொக், மிக அருகில். அவள் கையை உள்ளே இழுக்கவில்லை.