கையால் உருட்டிப் பார்த்த கார்

உலகத்துல இந்த மாடல்ல மொத்தமே நாப்பது கார்தான் செஞ்சிருக்கான். அதுல ஒண்ணு துபாய் ஜெபல் அலியில எங்க குடோன்ல நிக்குது. அதை ஓட்டுறது அரபி முதலாளி. உருட்டுறது நான், ராமநாதபுரம் சேதுபதி.

சிரிக்காதீங்க, அதுவும் ஒரு டூட்டிதான். ஒரே இடத்துல நின்னா டயர் தட்டையாயிடும்னு வாரம் ஒருதரம் நியூட்ரல்ல போட்டு ரெண்டடி நகர்த்தணும். பாடி முழுக்க கார்பன் ஃபைபர். அதுல கை வெச்சுத் தள்ளக் கூடாது, டயரைப் பிடிச்சுத்தான் உருட்டணும். ஆயிரத்து ஐந்நூறு குதிரை சக்தியாம், எடை என்னவோ சாதாரண குடும்பக் கார் அளவுதான். எப்படிய்யா இவ்வளவு லேசா செஞ்சான்னு வாரா வாரம் குனிஞ்சு குனிஞ்சு பார்ப்பேன்.

அன்னைக்கு வண்டி வர மாட்டேன்னுச்சு. நகர்ந்துச்சு, ஆனா முரண்டு பிடிச்சுக்கிட்டே நகர்ந்துச்சு.

"கபீர் பாய், வண்டி கனமா உருளுது"ன்னேன். அகமது கபீர் எங்க சூப்பர்வைசர், கீழக்கரைக்காரர்.

"ஆரம்பிச்சிட்டியா? ஏசி தண்ணியைப் பார்த்து ஆயில் லீக்குன்னு ஊரைக் கூட்டினியே, மறந்துபோச்சா? இன்னொரு தடவை வாயைத் திறந்தே, விசா கேன்சல். கலாஸ், முடிஞ்சுது!"

மூடிக்கிட்டேன். ஊர்ல ரெண்டு பிள்ளைங்க காலேஜ் படிக்குதுங்க. ஆனா மண்டைக்குள்ள ஒரே குடைச்சல். ஒரு வாரமா அசையாம நின்ன வண்டிக்கு அப்படி என்னதான் ஆச்சு?

மத்தியானம் ஸ்வாதி மேடம் வந்தாங்க. கோயம்புத்தூர்ப் பொண்ணு, அந்தக் கார் கம்பெனியோட இன்ஜினியர். மறுநாள் ஒரு தனியார் ரன்வேயில முழு வேகம் பார்க்கப் போறாங்களாம். முதலாளி ஓட்டுவார், பக்கத்து சீட்டுல மேடம். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தாங்க. எல்லாம் பச்சை.

அந்தப் பொண்ணு இதுல உட்காரப் போகுதுன்னு கேட்டதும், விசாவாவது மண்ணாங்கட்டியாவதுன்னு ஆயிடுச்சு எனக்கு.

"மேடம், கம்ப்யூட்டர் என்ன வேணா சொல்லட்டும். இந்த வண்டி போன வாரம் மாதிரி உருளல."

"இவன் இப்படித்தான் மேடம்..."ன்னு கபீர் பாய் பாய்ஞ்சு வந்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"டயர்ல காத்து?"

"பார்த்தாச்சு, சரியா இருக்கு."

"எவ்வளவு கனம்?"

"ரெண்டு கையால நகர்றது, இன்னைக்குத் தோளையும் கேக்குது."

ஜாக்கி போட்டுத் தூக்கினோம். மேடமே ஒவ்வொரு சக்கரமா சுத்திவிட்டாங்க. மூணு சக்கரம் லேசா சுத்துச்சு. முன்னால வலது சக்கரம் அரைச் சுத்துல நின்னுடுச்சு. பிரேக்குக்குள்ள ஒரு பிஸ்டன் திரும்பிப் போகாம சிக்கி, பேடு டிஸ்க்கோட உரசிக்கிட்டே இருந்திருக்கு. அதைப் பார்க்க லேப்டாப்புக்குக் கண்ணு இல்ல.

"இப்படியே முந்நூத்தம்பது கிலோமீட்டர் வேகத்துல போயிருந்தா டிஸ்க் பழுத்து பிரேக் ஆயில் கொதிச்சிருக்கும்ணா. மிதிச்சா பெடல் அப்படியே உள்ள போயிருக்கும்." சொல்லிட்டு மேடம் தரையிலயே உட்கார்ந்துட்டாங்க. கபீர் பாய் ஓடிப்போய் தண்ணி கொண்டுவந்தார், எனக்கும் ஒரு பாட்டில் நீட்டினார்.

புது பிரேக் வந்து சேர அஞ்சு நாள். ஆறாம் நாள் விடிஞ்சதும் என்னையும் ரன்வேக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முதலாளி ஹெல்மெட்டோட நிக்கிறார்.

"அண்ணா, ஒரு தடவை உருட்டுங்க"ன்னு மேடம் சொன்னாங்க.

உருட்டினேன். சொன்ன பேச்சு கேட்டுச்சு. நிமிர்ந்தா, எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கிறாங்க.

"போலாமா?"ன்னாங்க மேடம்.

"போங்க"ன்னுட்டேன். அப்புறம்தான் உறைச்சுச்சு. இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் எதுக்கும் 'போலாமா'ன்னு கேட்டதில்ல. இப்ப ரெண்டு உசிரு என் ஒரு வார்த்தையில ஏறி உட்கார்ந்துடுச்சு. வண்டி போன பக்கம் பார்க்கவே பயமா இருந்துச்சு எனக்கு.

திரும்பி வந்து நின்னதும், நானூத்தி ரெண்டு, நானூத்தி ரெண்டுன்னு எல்லாரும் கூத்தாடுறாங்க. நான் கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு ஓடினேன்.

"மேடம், பிரேக்கு?"

"பிடிச்சுதுண்ணா"ன்னாங்க.

அத்தனை பேர் முன்னாடி, வெட்கமே இல்லாம அழுதுட்டேன்.