முன் சக்கரம், இடது பக்கம்

எங்கள் கார் ரிப்பேர் மாலை வகுப்பில் ஒரு விதி உண்டு. ஒரு வண்டியில் வேலை செய்தவள்தான் வேலை அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவள்தான் அந்த வண்டியை முதலில் ஓட்டிக் காட்டவும் வேண்டும். சொல்லிக்கொடுக்கும் மேடம் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்வார். அதற்கு முன் எதையும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

"நான் சரிபார்த்தா அது என் வேலை ஆயிடும். எனக்கு ஏற்கெனவே வேலை இருக்கு" என்பார்.

பகலில் நான் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். நான் எடுத்து வைப்பதை முதலாளி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுவார். மற்றவர்களுக்கு அது எரிச்சல், எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி இந்தக் கல்லூரிப் பட்டறையில் இல்லை.

அதனால் இரண்டு முறை மாட்டிக்கொண்டேன். முதல் முறை எஞ்சின் ஆயில் மாற்றிவிட்டுப் பேனாவை எடுத்தேன். அடியில் இருக்கும் போல்ட்டை இறுக்கினேனா என்ற சந்தேகம் வந்தது. அட்டையைக் காலியாகவே நீட்டினேன். இரண்டாம் முறை பேட்டரி. அப்போதும் அதே கதை. பிறகு பார்த்தால் இரண்டு வேலையும் ஒழுங்காகவே செய்திருக்கிறேன். அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சரியாகத்தான் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது."

போன வாரம் மேடம் என்னைத் தனியாக அழைத்தார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மூணாவது அட்டையும் காலியா வந்தா, அடுத்த டெர்ம்ல உனக்கு லிஃப்ட் கிடையாதும்மா. சீட் கவர் வகுப்புல ஒரு இடம் இருக்கு. நல்ல வகுப்புதான்."

நல்ல வகுப்பாக இருக்கலாம். நான் காரை லிஃப்டில் தூக்கி நிறுத்தி அதன் அடிவயிற்றைப் பார்க்கச் சேர்ந்தவள்.

மூன்றாவது அட்டை நேற்று வந்தது. முன் சக்கர பிரேக்குக்குப் புது பேட் போட வேண்டும். இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் தையற்கடை அக்காவுக்கு. ஒன்பது பெண்கள் உள்ள வகுப்பில் வேகமான கை அவருடையது. வீட்டுக்காரர் காரைப் பற்றிச் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்ததாகச் சொல்வார். இதுவரை கால்வாசிகூடத் தேறவில்லையாம்.

நான் வேலையின் படிகளை நோட்டில் பதினான்காகப் பிரித்து எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சக்கரத்தைக் கழற்றினேன். தேய்ந்த பேட்டை எடுத்தேன். புது பேட் தடிமனாக இருக்கும், அது நுழைய இடம் வேண்டும். பேட்டை அழுத்துகிற பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினேன். புதியதை மாட்டினேன். சக்கரத்தையும் மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினோம். பிறகு நீள ஸ்பேனரால் ஐந்து நட்டுகளையும் இறுக்கினேன். போதுமான இறுக்கம் வந்ததும் அது "டக்" என்று சொல்லும். ஒவ்வொரு டக்குக்கும் நட்டின் மேல் மஞ்சள் பேனாவால் ஒரு கோடு.

பன்னிரண்டாம் படிவரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் அந்தச் சந்தேகம் வந்தது. மூன்றாவது நட்டில் டக் கேட்டுக் கோடு போட்டேனா, கோடு போட்ட பிறகு டக் கேட்டதா?

நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். நன்றாக இறுகித்தான் இருந்திருக்கிறது.

"என்னடி பண்றே?" அக்கா எட்டிப் பார்த்தார்.

"இறுக்கமா இருக்கான்னு கழட்டிப் பார்த்தேன் அக்கா."

"புள்ள தூங்குதான்னு தட்டி எழுப்பிப் பார்க்கிற ஆளா நீ? இப்ப அது அழுவுதா இல்லையா? மறுபடி தாலாட்டு!"

மறுபடி இறுக்கினேன். டக். இரண்டாவது கோடு. ஒன்றுக்குச் செய்துவிட்டு மற்றவற்றை விடுவது எப்படி? மற்றவற்றையும் தளர்த்தி, மறுபடி இறுக்கினேன். நான்கு நட்டுகளில் இரண்டு கோடு. ஐந்தாவதில் ஒன்றுதான். அதைத் தளர்த்தினேனா என்று நினைவில்லை. தளர்த்தினேனா என்று தெரிந்துகொள்ள அதைத் தளர்த்தினேன்.

"அடியே, சக்கரமே பாவம்டி. நட்டு தேயறதுக்குள்ள கையெழுத்தைப் போடு."

மேடம் சாவியோடு வந்து நின்றார். அட்டையை என் முன் நீட்டினார். வலது பக்கத்துக்கான கட்டத்தில் அக்காவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது, ரவிக்கைத் தையல் போல வளைந்து வளைந்து. என் கட்டம் வெள்ளையாக இருந்தது. ஐந்தாவது நட்டை இறுக்கினேன். டக். கோடு போடவில்லை. போட்டால் இன்னொரு சந்தேகம் கிளம்பும். பேனாவை மாற்றிக்கொண்டு என் பெயரை எழுதினேன். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது.

"ஓட்டு" என்றார் மேடம்.

"நான் பின்னாடி உட்கார்ந்து வேண்டிக்கிறேன்" என்று அக்கா ஏறினார்.

பட்டறை முற்றத்தில் பத்தடி தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு. அதில் நிறுத்த வேண்டும். கோட்டுக்கு அப்பால் பழைய டயர்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வண்டி ஊர்ந்தது. இடது சக்கரம் கழன்று ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு போனேன். கழலவில்லை. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு பெருமையாக நான் பத்தடி போனதில்லை.

கோடு வந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் சாணியில் கால் வைத்ததுபோல் அடிவரை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை.

"மேடம், நிக்கல!"

"ஐயோ, நாம மிதிச்சே வைக்கலடி! விட்டுட்டு மறுபடி மிதி!" பின்னாலிருந்து அக்கா கத்தினார்.

மேடம் ஹேண்ட்பிரேக்கை இழுத்த அதே நொடியில் வண்டி டயர் அடுக்கில் போய் மெத்தென்று சாய்ந்தது. மேல் டயர் ஒன்று இறங்கி, யாருக்கோ அவசரமான செய்தி கொண்டுபோவதுபோல் முற்றத்தைச் சுற்றிவிட்டுப் படுத்தது. நான் காலை எடுத்து மறுபடி மிதித்தேன். இப்போது பெடல் கல்லாக நின்றது.

பதின்மூன்றாம் படி. பிஸ்டனை உள்ளே தள்ளினால், கிளம்பும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். என் கையாலேயே எழுதிய வரி. ஐந்து நட்டுகளைத் தாலாட்டிய மும்முரத்தில் நான் அந்த வரிக்கு வரவே இல்லை.

"யார் வேலை இது?" மேடம் கேட்டார்.

இம்மாதிரிக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு பக்கத்துக்குப் பதில் இருக்கும். நேற்று வாயில் வந்தது மூன்று சொல்தான்.

"என் வேலை மேடம்."

"என் பக்கமும் மிதிக்கலை மேடம்" என்றார் அக்கா. "அதுவும் ஒரே பெடல்தானே."

மேடம் அட்டையை மடியில் வைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். பிரேக்: மறுபடியும் செய்ய வேண்டும். கையெழுத்து: உண்டு.

"அப்போ லிஃப்ட்?"

"உண்டு. சீட் கவர்காரங்க உன்னைக் கேட்கலை." இறங்கியவர் கதவைச் சாத்தாமல் குனிந்தார். "ரெண்டு பேரும் அந்த டயரைத் தூக்கி வெச்சுட்டுப் போங்க. அடுத்த ஜோடி வரப் போகுது."

டயரை உருட்டிக்கொண்டு வந்தோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தோம். கொஞ்சம் சாய்ந்திருப்பதாகப் பட்டது.

"நேரா இருக்கா அக்கா?"

"இடிக்கத்தானேடி அடுக்குறோம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். "வா."