முன்னறையில் சட்ட வகுப்பு

"இப்பச் சொல்லு, என்ன கேட்ட?" சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார் வக்கீல்.

அவருடைய தங்கை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அப்பா வீட்டுல எனக்கும் பாகம் உண்டுதானே அண்ணா? பையனுக்கு எவ்வளவோ பொண்ணுக்கும் அவ்வளவுன்னு நீங்கதான் போன வாரம் வகுப்புல சொன்னீங்க. டீ கொண்டு வந்தப்பக் காதுல விழுந்தது."

"அது அவங்களுக்குச் சொன்னது."

"எனக்கு ஒரு ரூம் போதும். சாமான் ரூம்ல படுத்தா மூச்சு முட்டுது."

அண்ணி குறுக்கிட்டாள். "புருஷன் செத்துப் போக்கிடம் இல்லாம வந்தவளுக்குச் சோறு போடறோம். இதுல சட்டம் வேற பேசறா."

வந்த நாளிலிருந்து அந்தச் சோற்றை ஆக்குவதே அவள்தான்.

"மறுபடி வாயைத் திறந்தே, கட்டின துணியோட வெளிய போயிடு" என்றார் வக்கீல். அழைப்பு மணி அடித்தது. "ஆளுங்க வந்துட்டாங்க. டீ போடு."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவர் இலவசமாகச் சட்டம் சொல்லிக்கொடுப்பார். அன்று டீ வரவில்லை. அவள் வந்தாள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கினாள்.

"ஐயா, கூடப்பிறந்தவளுக்குப் பாகம் தராம அடுப்படியில போட்டு வச்சிருக்கிற அண்ணன்மேல எங்க போய்ப் புகார் குடுக்கணும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் தழுதழுத்தது.

"என் தங்கச்சிதான். புருஷன் போனதுலேருந்து புத்தி சரியில்ல. குழந்தை மாதிரிப் பார்த்துக்கறோம்."

"ஐயோ பாவம்" என்றாள் தையல்காரி. "இப்படிப்பட்டவங்க சொத்தெல்லாம் என்ன ஆகும் சார்?"

"நல்ல கேள்வி. பார்த்துக்கச் சொல்லி கோர்ட்டு ஒரு கார்டியனைப் போடும்."

"யாரைப் போடுவாங்க?"

"பெரும்பாலும் கூடப்பிறந்தவங்களைத்தான்."

பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு!" எழுந்து நின்று கத்தினாள் அவள்.

பக்கத்து நாற்காலிக்காரி தன் கைக்குழந்தையை இறுக்கி அணைத்தபடி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.