நிம்மதி என்று சொன்னவர்கள்

அப்பாவின் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், மதியம் ஆள் வராத நேரத்தில், அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தின் இணையப் பக்கத்தைத் திறந்திருந்தாள். பார்வை நேரத்தை மாற்றிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. முகப்பிலேயே அப்பா, முடியைப் படிய வாரி உட்கார்ந்திருந்தார். கீழே, ‘என் வீட்டைவிட இங்கே நிம்மதியாக இருக்கிறேன்’ என்று போட்டிருந்தார்கள். தண்ணீர் குடித்தாலும் அதில் ஒரு குறை சொல்கிற மனிதர். நிம்மதி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

அண்ணனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

“விளம்பரம்னா அப்படித்தான் எழுதுவாங்க. நீ எதையாவது கிளப்பாத,” என்றான். அங்கே சேர்க்கலாம் என்று முதலில் சொன்னவன் அவன். கையெழுத்துப் போட்டவள் இவள்.

சில நாட்களுக்கு முன் மருத்துவமனையின் பழைய பக்கம் அழிந்துபோனபோது, இணையக் காப்பகத்தில் தேடி அவள்தான் மீட்டெடுத்திருந்தாள். ஒரு பக்கம் அன்றன்று எப்படி இருந்ததோ அப்படியே அங்கே எடுத்து வைத்திருக்கிறார்கள். கை சும்மா இருக்கவில்லை. இல்லத்தின் இணைய முகவரியையும் அதில் போட்டாள்.

கோடைக்கு முந்தைய பக்கத்தில், அப்பாவின் இடத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். கீழே அதே வரி. அதற்கும் முந்தையதில் காது கேட்கும் கருவி மாட்டிய பெரியவர். அதே வரி, ஓர் எழுத்து மாறவில்லை. விளம்பரம்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இன்னும் பின்னால் போனாள். அங்கே இருந்தது தெரிந்த முகம். இவர்கள் மருத்துவமனையில் பல்செட் கட்டிக்கொண்ட தையல்காரர். எப்போதும் மகள்தான் கூட்டி வருவாள். அந்த மகளின் எண் கணினியில் இருந்தது. கூப்பிட்டாள்.

“அப்பா எப்படி இருக்காருக்கா?”



“தவறிட்டாரும்மா. தூக்கத்துலயே. நல்லாத்தான் இருந்தாரு, படம்கூட எடுத்துப் போட்டாங்க. அதுக்கப்புறம் போன்ல குடுக்கவே இல்ல. எப்பக் கேட்டாலும் தூங்குறாருன்னாங்க.”

உடனே இல்லத்தின் எண்ணை அழுத்தினாள். தேன் ஒழுகும் குரலில் பணிப்பெண் எடுத்தாள்.

“அப்பா நல்லாத் தூங்குறாரும்மா. எழுப்பினா பாவம்.”

டாக்டரிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. இல்லத்தின் கேட் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் பார்வையாளர்களை விடுவோம் என்றார் காவலாளி.

“எங்கப்பாவ எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. பாக்காம நான் இங்கருந்து நகர மாட்டேன்.”

அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் உள்ளே போனார். நேரம் ஆனது. திரும்பி வரவில்லை.

கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டப்பகலில் மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. முற்றத்து நிழலில் ஒரு நாற்காலி போட்டு, புதிதாக வந்த ஓர் அம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். காலடியில் அவருடைய பெட்டி இன்னும் திறக்கப்படாமல் கிடந்தது. ஒருவன் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“கொஞ்சம் சிரிங்கம்மா,” என்றது அந்தத் தேன் குரல்.

அம்மாள் சிரிக்கவில்லை. கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பணிப்பெண் குனிந்து, இரண்டு விரல்களால் அவருடைய உதட்டோரங்களை மெல்ல மேலே தூக்கினாள்.